ஸ்டார்ட்-ஸ்டாப் நின்றுபோனால்: புது பேட்டரி வாங்குவதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

நியூட்ரலில் போட்டு கிளட்சை விட்டதும் தானாக அணைந்துகொண்டிருந்த இன்ஜின், கொஞ்ச நாளாக சிக்னலில் ஓடிக்கொண்டே நிற்கிறது. இப்படி நிற்கும்போது இன்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்ததும் மறுபடி கிளப்பும் வசதிதான் ஸ்டார்ட்-ஸ்டாப். டேஷ்போர்டில் அதன் அடையாளமான, ஏ எழுத்தைச் சுற்றிய அம்பு மஞ்சளாகத் தெரிகிறது. மற்றபடி வண்டியில் குறையில்லை; காலையில் செல்ஃபும் ஒரே அடியில் எடுக்கிறது. கடையில் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அது எதுக்குங்க, பட்டனை அமுக்கி ஆஃப்லயே வெச்சு ஓட்டுங்க." இன்னொன்று, "பேட்டரி போச்சுங்க, மாத்திரலாம்." இரண்டுமே அளந்து பார்க்காமல் சொல்லும் பதில்.

பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டர் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அணைத்த இன்ஜினை மறுபடி கிளப்ப மிச்சம் இருக்குமா என்பதுதான் அதன் கவலை. மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும், சார்ஜ் ஏறக்குறைய 70, 80 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஸ்டார்ட்-ஸ்டாப்பை அது நிறுத்திவிடும். செல்ஃப் எடுக்க அவ்வளவு தேவையில்லை. அதனால்தான் வண்டி ஒழுங்காகக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே இது மட்டும் நின்றுபோகிறது. இந்தக் கட்டத்திலேயே கவனித்தால் பல வண்டிகளுக்கு ஒரு ராத்திரி சார்ஜோடு வேலை முடிந்துவிடும். விட்டுவிட்டால், ஊர்க் கல்யாணத்துக்குக் கிளம்பும் காலையில் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வரும்.

தேவையான சாமான்கள்: குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர் (சுமார் 800 முதல் 1,500 ரூபாய்), பத்தாம் நம்பர் ஸ்பேனர், கம்பி பிரஷ், 12 வோல்ட் ஸ்மார்ட் சார்ஜர் (சுமார் 3,000 முதல் 6,000 ரூபாய்). சார்ஜர் வாங்க மனசில்லை என்றால் பேட்டரி கடையிலேயே ஒரு சின்னத் தொகைக்கு ஏற்றிக் கொடுப்பார்கள்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட்-ஸ்டாப்பால் அணைந்து நிற்கும் இன்ஜின், நின்றுபோன இன்ஜின் இல்லை. எந்த நேரமும் தானாகக் கிளம்பலாம். சாவியைத் திருப்பி முழுசாக அணைத்து, சாவியை வண்டியை விட்டு எட்ட வைத்த பிறகுதான் பானட்டுக்குள் கை வைக்க வேண்டும். மோதிரம், வளையல், கைச்சங்கிலியைக் கழற்றிவிடுங்க. ஸ்பேனரோ சங்கிலியோ பாசிட்டிவையும் பாடியையும் ஒன்றாகத் தொட்டால் நொடியில் பழுத்துவிடும்.

1. முதலில் விளக்கைப் படியுங்க

ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாததெல்லாம் கோளாறு இல்லை. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, டிரைவர் பெல்ட் போடவில்லை, கதவோ பானட்டோ சரியாக மூடவில்லை, முன் கண்ணாடியின் மூட்டத்தை நீக்கும் டிஃப்ராஸ்டர் ஓடுகிறது, ஸ்டீயரிங் முழுசாகத் திரும்பி நிற்கிறது, நின்ற இடம் சரிவு, பிரேக் மிதிக்க உதவும் வேக்குவம் போதவில்லை, டீசல் வண்டியில் புகை ஃபில்ட்டர் தன்னை எரித்துச் சுத்தம் செய்கிறது: இதில் எது இருந்தாலும் கம்ப்யூட்டர் இன்ஜினை அணைக்காது. வால்பாறை ஏற்றத்தில் வேலை செய்யவில்லை என்று கவலைப்படத் தேவையே இல்லை.

நம் பக்கம் சித்திரை வெயிலில் அடிக்கடி நடப்பது ஏசி விஷயம். ஈரோட்டிலும் கரூரிலும் மத்தியானம் வெளியே நிறுத்திய வண்டியில் ஏறி, ஏசியை முழு வேகத்தில் வைத்தால், உள்ளே குளிரும் வரை ஸ்டார்ட்-ஸ்டாப் வராது. அதனால் சோதனைக்கு விடிகாலை நேரம்தான் நல்லது: 15 நிமிஷம் ஓட்டி இன்ஜின் சூடானதும், ஏசியை அணைத்து, சமதளத்தில் பெல்ட்டோடு நிறுத்திப் பாருங்க. அப்போதும் அணையவில்லை என்றால்தான் மேலே போக வேண்டும்.

விளக்கு மஞ்சளாக நிலையாக எரிவதும் விட்டு விட்டு மினுக்குவதும் பல கம்பெனி வண்டிகளில் வேறு வேறு அர்த்தம். நிலையாக இருந்தால் "இப்போதைக்கு நிபந்தனை சரியில்லை". மினுக்கினால் சிஸ்டத்தில் பிழை பதிவாகியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு எது என்பது மேனுவலில் இருக்கும். பிழை பதிவாகியிருந்தால் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டு பிழைக் குறியீட்டைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்க. குறிக்காமல் அழித்துவிட விடாதீங்க. கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், பானட் ஸ்விட்ச் கோளாறாக இருந்தால் அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை.

2. உள்ளே இருப்பது எந்த பேட்டரி?

இதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுப்பது சாதாரண பேட்டரி இல்லை. இஎஃப்பி (சாதாரண லெட்-ஆசிட்டையே வலுவாக்கிய வகை) அல்லது ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊற வைத்து மூடிய வகை). லேபிளில் அப்படியே எழுதியிருக்கும். சில ஜப்பான் அளவு பேட்டரிகளில் எம்-42, என்-55, கியூ-85 என்ற குறியீடு மட்டும் இருக்கும். அதுவும் ஸ்டார்ட்-ஸ்டாப் வகைதான். 38பி20எல், 55பி24எல் என்று மட்டும் இருந்தால் அது சாதாரண பேட்டரியின் குறியீடு.

வித்தியாசம் ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. கோவை காந்திபுரம் நெரிசலில் இன்ஜின் அணைந்து நிற்கும்போது ஏசி ப்ளோயர், ஹெட்லைட், ஸ்டீரியோ, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிமிஷம் நின்றால் அரை ஆம்பியர்-அவர் போச்சு (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-அவர்). பத்து நிறுத்தத்தில் 5 போய்விடும். 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இது ஒன்பதில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவையும் செல்ஃப் அடிக்கும் பாரம் வேறு. ஒரு நாளைக்கு நாலு தடவை கிளப்புவதற்காகச் செய்த சாதாரண பேட்டரி இந்த இறக்கி ஏற்றும் வேலையைத் தாங்காது. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் இருந்து பொருள் உதிர ஆரம்பித்துவிடும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். விற்பதற்கு முன் குறைந்த விலை சாதாரண பேட்டரியை மாட்டிவிட்டிருப்பார்கள். அந்த வண்டியில் மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம்; சரியான வகையை மாட்டிவிட்டுப் பாருங்க.

3. காலையில் அளக்கும் வோல்ட்

வண்டியை ஓட்டி நிறுத்தியதும் அளந்தால் வரும் எண் பொய். தகட்டின் மேல்பரப்பில் மட்டும் தங்கிய சார்ஜ் 12.9 என்றுகூடக் காட்டும். குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க, வண்டி பூட்டி நிற்க வேண்டும்.

இன்னொரு சூட்சுமம்: சாவிப் பட்டனை அமுக்கி அன்லாக் செய்ததுமே கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொண்டு பல ஆம்பியர் இழுக்கும். அதனால் வீட்டுப் போர்ட்டிகோவில் நிறுத்துபவர்கள் ராத்திரியே பானட் லிவரை இழுத்து, பானட்டை லேசாகச் சாத்திவிட்டு, கதவைப் பூட்டிவிடுங்க. பானட்டுக்கு அலாரம் உள்ள வண்டியில் இது சரிவராது. கதவைத் திறந்து லிவரை இழுத்து, மறுபடி பூட்டி, அரை மணி நேரம் கழித்து அளந்தால் போதும்.

வந்த எண்ணை இப்படிப் படியுங்க:
12.6 முதல் 12.8 வரை: நிறைந்திருக்கிறது. ஏஜிஎம் என்றால் 12.8க்கு மேல் இருக்க வேண்டும்.
12.4: ஏறக்குறைய முக்கால். ஸ்டார்ட்-ஸ்டாப் நிற்கும் எல்லை இங்கேதான்.
12.2: பாதி.
12.0க்குக் கீழே: கிட்டத்தட்ட காலி. இந்த நிலையில் நாள்கணக்கில் விட்டால் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டிப்படும்; பிறகு சார்ஜ் ஏற்றினாலும் முழுசாகத் திரும்பாது.
10.5 பக்கம்: பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களில் (அறைகளில்) ஒன்று செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மேலே மூடி உள்ள இஎஃப்பி என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் போடலாம். நிறைந்த செல்லில் 1.260 முதல் 1.280 வரை காட்டும். ஐந்து செல்லில் 1.250 காட்டி ஒன்றில் மட்டும் 1.190 காட்டினால் வேறு சோதனையே வேண்டாம், அந்த செல் போய்விட்டது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்க. ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம், ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம். அதிலும் தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். ஆசிட் ஊற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்க.

4. முழுசாக ஏற்றாமல் தீர்ப்பு எழுதாதீங்க

12.3 காட்டுகிற பேட்டரியைக் கெட்டது என்று சொல்ல யாராலும் முடியாது. அது பசியோடு இருக்கிறதா, நோயோடு இருக்கிறதா என்பது முழுசாக ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

"ஒருக்கா பொள்ளாச்சி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, சரியாயிரும்" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. லெட்-ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். மிச்ச 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரப் பயணம். அதில் கடைசிப் பங்கு நிறையாது. ஸ்கூல், மார்க்கெட், கம்பெனி என்று தினமும் நாலைந்து கிலோமீட்டரிலேயே சுற்றும் வண்டிக்கு அதுவும் கிடையாது.

சார்ஜ் ஏற்றும் முறை: பேட்டரியின் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு. 45 என்றால் 4.5 ஆம்பியர். வோல்ட் 14.4 முதல் 14.8க்குள் இருக்க வேண்டும். ஷெட்டுகளில் இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் 16 வோல்ட்டைத் தாண்டும். ஏஜிஎம் பேட்டரியை அது கொதிக்க வைத்துக் கொன்றுவிடும். ராத்திரி போட்டால் 10, 12 மணி நேரத்தில் முடியும். காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

சார்ஜரின் கறுப்பு கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் (மேலே துருத்தி நிற்கும் ஈய முனையில்) போடாதீங்க. இன்ஜினிலோ பாடியிலோ உள்ள எர்த் போல்ட்டில் போடுங்க. காரணம் ஆறாவது படியில் வருகிறது.

ஏற்றி முடித்ததும் 12 மணி நேரம் சும்மா விட்டு மறுபடி அளக்க வேண்டும். 12.6க்கு மேல் நின்றால் நம்பிக்கை இருக்கிறது. 12.4க்கு இறங்கிவிட்டால் பேட்டரி பிடிப்பு இழந்துவிட்டது, அல்லது ராத்திரியில் ஏதோ ஒன்று இழுக்கிறது. எது என்று தெரிய, நெகட்டிவைக் கழற்றி வைத்து ஒரு ராத்திரி விட்டு அளந்து பாருங்க. கழற்றி வைத்தும் இறங்கினால் பேட்டரி. கழற்றினால் இறங்கவில்லை என்றால் வண்டி.

5. செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு விழுகிறது

மல்டிமீட்டரைக் குறைந்தபட்ச அளவு பிடிக்கும் நிலையில் வைத்து, முனைகளை பேட்டரியின் ஈயக் கம்பங்களிலேயே வையுங்க, கம்பத்தைக் கவ்வியிருக்கும் கேபிள் கிளாம்ப்பில் இல்லை. ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில், இன்னொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். நிறைந்த பேட்டரி நம் ஊர் வெப்பத்தில் 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். 9.6க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. சார்ஜ் ஏற்றாமல் இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை.

6. டெர்மினல், எர்த், சென்சார்

பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்-ஸ்டாப் வராத வண்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

நெகட்டிவ் கிளாம்ப்போடு ஒட்டி, சின்ன கனெக்டருடன் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதுதான் பேட்டரி சென்சார். உள்ளே போகும், வெளியே வரும் கரண்ட், வோல்ட், சூடு மூன்றையும் அளந்து, எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதன் வேலை. தன் வழியாகப் போகும் கரண்ட் மட்டுமே இதற்குத் தெரியும். வூஃபர் ஆம்ப்ளிஃபையர், கூடுதல் ஹாரன், டேஷ்கேம், ஃபாக் லைட் மாட்டுபவர்கள் எர்த் வயரை நேராக நெகட்டிவ் கம்பத்திலேயே முறுக்கி வைத்துவிடுகிறார்கள். அவை குடிக்கும் கரண்ட் சென்சாருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. சார்ஜர் கிளிப்பை அங்கே போட்டாலும் இதே கதைதான்: பேட்டரி நிறைந்திருக்கும், கம்ப்யூட்டர் கணக்கில் இன்னும் காலி. அப்படி ஏதாவது வயர் இருந்தால் கழற்றி பாடி எர்த் போல்ட்டுக்கு மாற்றுங்க. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

சென்சார் கனெக்டர் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா, ஆசிட் பூத்து பச்சையாகியிருக்கிறதா என்றும் பாருங்க. டெர்மினலில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து ஊற்றி, பிரஷால் தேய்த்துத் துடைத்து, காய்ந்த பிறகு மெல்லிசாக பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்க. சென்சார் மேல் தண்ணீர் படக்கூடாது. கிளாம்ப் இறங்கவில்லை என்று சுத்தியலால் தட்டினால் சென்சார் உடையும். அதைத் தனியாக வாங்கப் போனால் பல ஆயிரம் ஆகும்.

எர்த் சோதனை: மீட்டரின் ஒரு முனை நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். செல்ஃப் அடிக்கும்போது 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் போல்ட் வரை 0.5க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் அந்த கேபிளையோ அதன் போல்ட்டையோ கவனியுங்க.

7. டைனமோ மேல் பழி போடுவதற்கு முன்

கடைகளில் டைனமோ என்று சொல்வது, இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான். பழைய கணக்கு: இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் டைனமோ நல்லது. ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் இந்தக் கணக்கு செல்லாது. இவற்றின் ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டர்தான் ஆட்டி வைக்கிறது. சீராக ஓடும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க 12.6, 12.8க்கு இறக்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி வேகம் குறையும்போது 14.8 அல்லது அதற்கு மேலும் ஏற்றும். ஐடிலில் 12.7 பார்த்துவிட்டு "டைனமோ சார்ஜ் பண்ணலைங்க" என்று கழற்றப் போகும் கடைகள் இன்னமும் இருக்கின்றன.

ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி டிஃபாகர் மூன்றையும் போட்டு, இன்ஜினை 2,000 ஆர்பிஎம்மில் பிடித்து அளந்து பாருங்க. 13.5க்கு மேல் ஏறினால் ஆல்டர்னேட்டர் பிழைத்தது. எந்த நிலையிலும் 13ஐத் தாண்டவில்லை என்றால் அங்கே வேலை இருக்கிறது. பெல்ட் தளர்வையும் அப்படியே பார்த்துவிடுங்க.

8. ராத்திரியில் கரண்டைக் குடிப்பது எது

பூட்டி நிற்கும் வண்டியில் எல்லாம் தூங்கிய பிறகு 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை போவது இயல்பு. 50 என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். மூன்று வாரம் நின்ற வண்டியில் 25 போயிருக்கும். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதிக்கு மேல் காலி. இது கோளாறே இல்லை, வண்டி சும்மா நின்றதன் விளைவு. பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம் 250 மில்லிஆம்பியர் எடுத்தால் ஒரே வாரத்தில் 42 போய்விடும்.

அளக்க டிசி கிளாம்ப் மீட்டர்தான் வசதி. மில்லிஆம்பியரைப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், சுமார் 3,000 ரூபாயிலிருந்து கிடைக்கும். கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய லாபம். மல்டிமீட்டரில் செய்வதென்றால் 10 ஆம்பியர் துளையில் வயரைச் செருகி, ஒரு முனையை நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையைக் கிளாம்ப்பிலும் பிடித்துக்கொண்டே கிளாம்ப்பை மேலே தூக்குங்க. இணைப்பு அறுந்தால் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டர் ஃப்யூஸ் போய்விடும்.

சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவு கொக்கியை ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடியதுபோல் ஆக்கி, 30 முதல் 45 நிமிஷம் காத்திருங்க. அப்புறமும் 50க்கு மேல் காட்டினால் ஃப்யூஸைப் பிடுங்க வேண்டாம். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொட்டுப் பாருங்க. பூஜ்யம் என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. ஏதாவது எண் காட்டினால் அந்த வழியில் ஒன்று விழித்திருக்கிறது.

முதலில் சந்தேகப்பட வேண்டியவை: வெளியே மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், டிக்கி விளக்கு. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் மஞ்சள், சிவப்பு இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி நேரடி சப்ளையில் கொடுத்துவிட்டால் அது தூங்கவே தூங்காது.

9. டெஸ்டர் சீட்டு

பேட்டரி கடைகளில் கையடக்க டெஸ்டர் இருக்கும். இரண்டு நிமிஷத்தில் சீட்டே அடித்துக் கொடுத்துவிடும். பெரும்பாலும் இலவசம். ஆனால் டெஸ்டரில் மூன்றைச் சரியாகப் போட வேண்டும்: பேட்டரி வகை, லேபிளில் உள்ள சிசிஏ எண் (கடுங்குளிரில் செல்ஃபுக்குக் கொடுக்கக்கூடிய ஆம்பியர்), அந்த எண் எந்த அளவுமுறையில் எழுதப்பட்டது என்பது. இஎஃப்பி பேட்டரிக்குச் சாதாரண வகை என்று போட்டுச் சோதித்தால் வரும் பதிலுக்கு மதிப்பில்லை. பக்கத்தில் நின்று கவனியுங்க. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லேபிளில் 450 சிசிஏ, சீட்டில் 290 என்றால் 64 சதவீதம். முழுசாக ஏற்றிய பிறகும் 70க்குக் கீழே இருந்தால் ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கு அது உதவாது. "சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கவும்" என்று சீட்டு சொன்னால் அதையே செய்யுங்க. அந்த வரியைப் பார்க்காமல் புதுசை எடுத்துவைக்கும் கடையை விட்டு வந்துவிடுங்க.

சிசிஏ நன்றாக இருந்தும் கொள்ளளவு குறைந்திருக்கலாம். ஹாலஜன் ஹெட்லைட் உள்ள வண்டியில் இதை வீட்டிலேயே பார்க்கலாம்: முழுசாக ஏற்றிய பேட்டரி, இன்ஜின் ஆஃப், லோ பீம் அரை மணி நேரம். ஏறக்குறைய 5 ஆம்பியர்-அவர்தான் செலவாகும். லைட் எரியும்போதே 12.0க்குக் கீழே இறங்கிவிட்டால் பேட்டரி சுருங்கிவிட்டது. பார்த்து முடித்ததும் மறுபடி சார்ஜ் போட்டுவிடுங்க.

10. வாரண்டி, பில், விலை

காருக்கு மூன்று வருஷ வாரண்டி இருந்தாலும், கம்பெனி போட்ட பேட்டரிக்கு அது பொருந்தும் என்று நினைக்காதீங்க. பேட்டரிக்குப் பெரும்பாலும் பேட்டரி கம்பெனியின் தனி வாரண்டிதான்; காலமும் வேறு. கொண்டுபோக வேண்டியவை: ஆர்சி நகல், கார் வாங்கிய பில் அல்லது டெலிவரி தேதி உள்ள சர்வீஸ் புத்தகம், வாரண்டி அட்டை, பேட்டரி சீரியல் எண்ணின் போட்டோ. வாரண்டிக்கு எடுத்துக்கொண்டால் கடையில் ஒரு நாள் சார்ஜ் போட்டு மறுபடி சோதிப்பார்கள். முடிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை ஓட்ட ஸ்டாண்ட்பை பேட்டரி கேளுங்க, கேட்டால்தான் தருவார்கள்.

24+24 மாதம் என்று எழுதியிருந்தால் முதல் 24 மாதம் மட்டுமே இலவச மாற்று. அடுத்த 24 மாதம் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி, அவ்வளவுதான். மஞ்சள் போர்டு வண்டிக்குக் காலம் குறையும்.

விலை கடைக்குக் கடை மாறும். சின்ன கார்களுக்கான சாதாரண பேட்டரி சுமார் 4,000 முதல் 5,500 ரூபாய் என்றால், இஎஃப்பி 6,000 முதல் 9,000 வரை. ஏஜிஎம் 12,000க்கு மேல். பழைய பேட்டரியைக் கொடுத்தால் எடையையும் அளவையும் பொறுத்துக் கழிவு உண்டு. கழித்த விலையா கழிக்காத விலையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்க. 2,500 ரூபாய் மிச்சம் என்று சாதாரண பேட்டரி மாட்டினால் வாரண்டியும் சேர்ந்து போகும்: அந்த மாடல் காருக்குப் பட்டியலிடாத பேட்டரிக்கு கம்பெனி பொறுப்பேற்காது. ஏஜிஎம் இருந்த இடத்தில் இஎஃப்பியும் வேண்டாம். இஎஃப்பி இருந்த இடத்தில் ஏஜிஎம் போடலாம், ஆனால் இன்ஜின் சூடு நேராகப் படும் இடத்தில் அந்தக் கூடுதல் பணம் வீண்.

வாங்கும்போது உற்பத்தித் தேதியைப் பாருங்க. மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. மாட்டுவதற்கு முன் மீட்டர் வையுங்க, 12.5க்குக் கீழே இருந்தால் வேறு கேளுங்க. குறியீட்டின் கடைசியில் உள்ள எல் அல்லது ஆர் எழுத்து (கம்பங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது) பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கேபிள் எட்டாது, இழுத்து மாட்டினால் நாளைக்கு உரசும். பில்லில் ஜிஎஸ்டி எண், வண்டி எண், பேட்டரி சீரியல் எண், தேதி நான்கும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்க.

11. மாட்டும் நாளும் அடுத்த நாளும்

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கிளாம்ப் போல்ட்டைக் கண்மண் தெரியாமல் முறுக்க வேண்டாம், ஈயக் கம்பம் நசுங்கும். அடியில் பிடிக்கும் பிராக்கெட்டை விட்டுவிடாதீங்க. ஆடும் பேட்டரியில் தகடு சீக்கிரம் உதிரும்.

மாட்டியதும் ஸ்டார்ட்-ஸ்டாப் வராது. பதற வேண்டாம். ஹூண்டாய், கியா வண்டிகளில் சென்சார் புது பேட்டரியைப் பழக, இக்னிஷன் ஆஃபில் ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்க வேண்டும். பிறகு இன்ஜினை இரண்டு மூன்று தடவை ஸ்டார்ட் செய்து அணைக்க வேண்டும். மற்ற கம்பெனிகளிலும் ஒரு ராத்திரி பூட்டி நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். சில மாடல்களில், முக்கியமாக ஐரோப்பிய கம்பெனி வண்டிகளில், புது பேட்டரி மாட்டியதை ஸ்கேனர் வழியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் கம்ப்யூட்டர் இன்னும் பழைய, களைத்த பேட்டரி இருப்பதாகவே நினைத்து சார்ஜ் செய்யும். உங்கள் மாடலுக்கு இது தேவையா என்று வாங்கும்போதே கேட்டு, பதிவுக் கூலி விலையில் சேர்த்தியா என்றும் பேசிவிடுங்க.

கடிகாரம், பவர் விண்டோவின் ஒரே தொடுதலில் ஏறும் வசதி ஆகியவை மறந்துபோயிருக்கும். கண்ணாடியை முழுசாக ஏற்றி சில வினாடி பட்டனை விடாமல் பிடித்தால் பெரும்பாலான வண்டிகளில் திரும்பிவிடும். ஸ்டீயரிங் அல்லது வழுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு எரிந்தால், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி கொஞ்ச தூரம் ஓட்டினால் அணையும்.

12. இரண்டு பேட்டரி உள்ள மாருதி வண்டிகள்

ஸ்மார்ட் ஹைப்ரிட் எர்டிகா, பிரெஸ்ஸா போன்றவற்றில் பானட்டுக்குள் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியோடு, முன் இடது இருக்கைக்கு அடியில் சின்ன 12 வோல்ட் லித்தியம் பேட்டரியும் உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட் சாதாரண செல்ஃப் மோட்டாரில். சிக்னலில் மறுபடி கிளம்புவது பெல்ட்டில் ஓடும் ஐஎஸ்ஜியில் (ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் ஒன்றான மோட்டார்), சத்தமில்லாமல். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் பானட்டுக்குள் இருப்பதற்கு மட்டும்தான். இங்கேயும் தொந்தரவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

லித்தியம் பெட்டியைத் திறப்பதோ, வெளி சார்ஜர் போடுவதோ, அதிலிருந்து வயர் இழுப்பதோ கூடாது. இருக்கை உறை மாட்டும் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்க: அந்தப் பெட்டிக்குக் காற்று போகும் வழியை ரெக்சினால் மூடிவிடக் கூடாது. அந்த இருக்கைக்கு அடியில் தண்ணீர் பாட்டில், துணிப்பை திணிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். சூடு கூடினால் லெட்-ஆசிட் நன்றாக இருந்தாலும் ஸ்டார்ட்-ஸ்டாப் நிற்கும். பிழைக் குறியீடு லித்தியம் பக்கம் கை காட்டினால், அந்த ஸ்கேனர் சீட்டை பிரின்ட் எடுத்து வாங்கிக்கொண்டு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாரண்டிக் காலம் முடியும் முன்பே எழுத்தில் பதிந்துவிடுங்க.